இடித்தாலும் மறையாத கல்

சிங்கப்பூர் ஆற்றங்கரையில் வெள்ளைச் சிலை ஒன்று கைகட்டி நிற்கிறது. அவர்தான் ராபிள்ஸ். 1819-ம் ஆண்டு அவர் இங்கே வந்து இறங்கினார் என்று பீடத்தில் எழுதியிருக்கிறார்கள். தமிழிலும் எழுதியிருக்கிறார்கள்!

அதே ஆண்டு பினாங்கிலிருந்து ஒரு தமிழரும் வந்தார். பெயர் நாராயண பிள்ளை. புது ஊருக்கு வீடு கட்டச் செங்கல் சூளை போட்டவர் அவர். மாரியம்மன் கோவிலை நிறுவியவரும் அவரே. அவருடைய சிலையை ராபிள்ஸ் பக்கத்தில் நிறுத்தியது எப்போது தெரியுமா? 2019-ல்! 200 ஆண்டுகள் கழித்து!

யுத்தக் கதை

சற்றுத் தூரம் நடந்தால் எஸ்பிளனேடு பூங்கா. அங்கே இன்னொரு கதை.

1942 பிப்ரவரி 15-ந்தேதி சிங்கப்பூர் ஜப்பானியரிடம் வீழ்ந்தது. மறு ஆண்டு நேதாஜி வந்து, இந்திய தேசிய ராணுவத்துக்குத் தலைமை ஏற்றார். மலாயா ரப்பர் தோட்டங்களில் பால் வெட்டிய தமிழர்கள் பலர் அதில் சேர்ந்தார்கள். பலர் திரும்பவே இல்லை.

உயிர் விட்ட வீரர்களுக்கு நினைவுச் சின்னம் எழுப்ப, 1945 ஜூலை 8-ந்தேதி நேதாஜி அடிக்கல் நாட்டினார். யுத்தம் முடிந்தது. திரும்பி வந்த ஆங்கிலேயர் அந்தச் சின்னத்தை இடித்துத் தள்ளினார்கள்.

1995-ல், அது இருந்த இடத்தில் சிங்கப்பூர் அரசு ஒரு நினைவுப் பலகை வைத்தது.

கேட்க வேண்டிய கேள்வி

ஆள்கிறவர் கை மாறினால், கல் சொல்லும் கதையும் மாறுகிறது. உங்கள் ஊரிலும் பழைய கல் இருக்கும். குழந்தைகளை அழைத்துப் போய்ப் படித்துக் காட்டுங்கள். கூடவே கேளுங்கள்: இதை வைத்தது யார்? விட்டுப்போன பெயர் யாருடையது?