செத்த கணினியின் வாக்குமூலம் யாருக்குப் போகணும்?

நம்ம ஊர்ல கணினி படுத்துட்டா ஒரே வைத்தியம்தான்: "ஃபார்மேட் அடிச்சிடு". ஏன் படுத்துச்சுன்னு யாரும் கேக்கறதில்லை. எடப்புளி நாட்டுலேர்ந்து ஒரு மெஷினை நாமக்கல் கொண்டுபோகணும்னா காரவள்ளி வரைக்கும் 70 கொண்டை ஊசி வளைவு இறங்கணும். இறக்கி, அழிச்சு, மறுபடி ஏத்தி... அடுத்த வாரம் அதே நீலத்திரை!

இதுக்கு மாற்று இருக்கு மக்களே. கெர்னல் சாகும்போது நினைவகத்துல இருந்ததைக் கோப்பாக்கி வேற மெஷினுக்கு அனுப்பிடலாம். அதுதான் க்ராஷ் டம்ப். லினக்ஸ்ல இதைச் செய்யற கேடம்ப், 2005ல 2.6.13 கெர்னலோட வந்தது. விவேக் கோயல் உள்ளிட்ட பெங்களூர் ஐபிஎம் பொறியாளர்களுக்கு அதுல பெரிய பங்கு.

தத்துவம் எளிமை: செத்த கெர்னலை நம்பாதே. வட்டுக்கு எழுதற டிரைவரே கெட்டுப்போயிருக்கலாம். அதனால முன்கூட்டியே ஒதுக்கின நினைவகத்துல இருந்து இரண்டாவது கெர்னல் ஒண்ணு எழுந்து, முதலாவதோட நினைவகத்தைப் படிச்சு எஸ்எஸ்ஹெச் வழியா வெளியே அனுப்பும். மெஷின் மலை இறங்க வேண்டாம், டம்ப் இறங்கினா போதும்.

சரி, யாரோட மெஷினுக்கு? என் சண்டையே இங்கதான்.

"அனுப்புன்னு கேக்குது, அமுக்கிட்டுப் போ"ன்னு சொல்றவங்களே, நினைவகத்துல என்ன இருக்கும்னு யோசிச்சீங்களா? திறந்து வெச்ச ஆதார் நகல், அடிச்ச கடவுச்சொல், பாதி எழுதின கடிதம்... எல்லாம். விண்டோஸோட விருப்பத் தகவல்ல பயனர் கோப்பின் பகுதிகள் தெரியாம சேர்ந்து போகலாம்னு மைக்ரோசாஃப்டே எழுதியிருக்கு. அதே நிறுவனத்தோட கையொப்பச் சாவி ஒண்ணு 2023ல திருடு போனது தெரிய வந்துச்சு. 2021ல எடுத்த ஒரு க்ராஷ் டம்ப் வழியா போயிருக்கலாம்னு அந்த செப்டம்பர்ல சொன்னாங்க. 2024 மார்ச்சுல, சாவி இருந்த டம்ப் எதுவும் கிடைக்கலைன்னு திருத்தினாங்க. தங்களோட சாவி எந்த வழியா போச்சுன்னே அவங்களால உறுதியா சொல்ல முடியலை. நம்ம ஆதாரைப் பத்தி யார் சொல்லுவா?

"டம்ப் தராம பிழையை எப்படித் திருத்தறது?" நியாயமான கேள்வி. ஆனா பிழை கெர்னல்லன்னா, என் கடிதம் எதுக்கு? மேக்டம்ப்ஃபைல் நிரலுக்கு 31ன்னு வடிகட்டும் அளவு கொடுத்தா வெற்றுப் பக்கம், கேஷ், பயனர் நிரல்களோட தரவு, காலியிடம் எல்லாம் விலகிடும். மலையில இருக்கறவங்களுக்கு இதுல இன்னொரு லாபம்: 16 ஜிபி நினைவகத்தை வடிகட்டாம விநாடிக்கு 1 மெகாபிட் வேகத்துல அனுப்பினா 35 மணி நேரத்துக்கு மேல ஆகும்!

வடிகட்டினாலும் முழுசா சுத்தமாகிடாது. வட்டைப் பூட்டற சாவி கெர்னல்லயே இருக்கும். அதனால டம்ப் போகவேண்டிய இடம் நம்ம கல்லூரி, நம்ம அலுவலகம், நமக்குத் தெரிஞ்ச ஒரு மெஷின். அங்கே படிச்சுப் பார்த்துட்டு, எந்த ஃபங்ஷன்ல விழுந்துச்சுங்கற சில வரிகளை மட்டும் நிறுவனத்துக்கு அனுப்புங்க. பெரும்பாலும் அதுவே போதும்.

கேடம்பை நிறுத்திவெச்சிருக்கற ஆய்வக நிர்வாகிகளுக்கும் ஒரு வார்த்தை: டம்பை எடுக்காம இருக்கறது பாதுகாப்பு இல்லை, சோம்பல். எடுங்க, அனுப்புங்க... நம்ம வீட்டு முகவரிக்கு.