அகரவரிசையும் பழக்குவோம்

ஆசிரியர் அவர்களுக்கு,

58,000க்கும் மேற்பட்ட சொற்களை அகரவரிசையில் அடுக்கிய மானிப்பாய் அகராதி 1842இல் வெளிவந்த மண் இது. இன்றோ, நெடுங்கணக்கைத் தடையின்றி ஒப்புவிக்கும் பிள்ளைகள் பலர் அகராதியில் ஒரு சொல்லைத் தேடத் தடுமாறுகிறார்கள். முதலெழுத்து ஒன்றானால் அடுத்த எழுத்தைப் பார்க்கவேண்டும், உயிர்மெய்க்கு முன் புள்ளியெழுத்து வரும் என்பவற்றில் அவர்களுக்குப் போதிய பயிற்சியில்லை.

இதற்குப் புதுப் பாடநூல் வேண்டாம். எங்கள் ஊர்ப்பெயர்களே போதும். கரவெட்டி, காரைநகர், கொடிகாமம் என்று பிள்ளைகள் அடுக்கட்டும். வட்டுக்கோட்டை முதலா, வடமராட்சி முதலா என்று கேளுங்கள். 'ட்' முந்தி, 'ட' பிந்தி என்பது விளங்கிவிடும். ஆரம்ப வகுப்பு ஆசிரியர்கள் கிழமைக்கு ஒரு பாடவேளையாவது இதற்கு ஒதுக்கவேண்டும்.

இங்ஙனம்,
ஒரு வாசகர்,
சுன்னாகம்.