குறிப்பு கொடுங்க, கட்டுரையைக் கொடுக்காதீங்க!

ஏழாவது படிக்கும் என் மகள் 'நான் கண்ட திருவிழா' கட்டுரையை மூச்சுவிடாமல் ஒப்பித்தாள். மதுரைச் சித்திரைத் திருவிழா! "மதுரைக்கு எப்போடி போனே?" என்றேன். "நான் எங்கம்மா போனேன்? நோட்ஸ்ல இருக்கு" என்றாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

'முன்னுரை, இடம், நிகழ்ச்சிகள், முடிவுரை' என்று குறிப்புகள் கொடுப்பதே பிள்ளைகள் யோசித்து எழுதத்தானே?

அன்று சாயங்காலம் அடுப்படியில் உட்கார வைத்து, எங்கள் வில்லியனூர்த் தேரைப் பற்றிக் கேட்டேன். "வடம் பிடிக்க யாரு வந்தாங்க? நீ எங்கே நின்னே? எதுக்கு அழுதே?" பதில்களை அப்படியே எழுதச் சொன்னேன். பிரெஞ்சுக்காரர் காலத்தில் கவர்னர் வடம் பிடித்த வழக்கம் இன்றும் தொடர்வதைப் பாட்டியிடம் கேட்டுச் சேர்த்தாள். பறந்துபோன பலூனும் வந்தது. ஒன்றரைப் பக்கம்!

பள்ளியில், 'நோட்ஸில் உள்ளபடி இல்லை' என்று மார்க்கைக் குறைத்துவிட்டார்கள். பிள்ளை முகம் வாடிப்போச்சு. இனி சொந்தமாக எழுத அவளுக்கு மனசு வருமா?

நம்ம பக்கம் எழுத விஷயத்துக்கா பஞ்சம்? பாகூர் ஏரி இருக்கு. ஆயிரத்து நூறு வருஷத்துக்கு முன்பே கல்விச்சாலைக்கு மூன்று ஊர்களை மானியம் விட்டதைச் சொல்லும் பாகூர்ச் செப்பேடு இருக்கு.

ஆசிரியர்களே, பிழை இருந்தால் திருத்துங்கள். சொந்த வரிக்கு மார்க் போடுங்கள். தோழிகளே, நாம் அதிகம் படிக்காவிட்டால் என்ன? பிள்ளைகளிடம் நாலு கேள்வி கேட்கத் தெரியாதா நமக்கு!

- ஒரு வாசகி, வில்லியனூர்