உயிர்மூச்சுக்கான மின்சாரமும் மருந்தே

கடந்த மே மாதம் ஒரு பிற்பகல், வழக்கமான நேரத்துக்கு முன்பே அலுவலகத்திலிருந்து வீடு திரும்பினேன். கூடத்தில் எப்போதும் கேட்கும் இயந்திரத்தின் இரைச்சல் கேட்கவில்லை. மின்தடை என்று நினைத்தேன். ஆனால் மின்விசிறி சுழன்றுகொண்டிருந்தது. அப்பா கட்டிலில் சாய்ந்தபடி, உதடுகளைக் குவித்து மூச்சை மெல்ல வெளியே விட்டுக்கொண்டிருந்தார். மூக்கில் இருக்க வேண்டிய குழாய் தலையணைமேல் கிடந்தது. ஏன் நிறுத்திவிட்டீர்கள் என்று கேட்டேன். “மெஷினுக்கும் கொஞ்சம் ஓய்வு வேண்டாமாப்பா?” என்றார்.

உண்மையான காரணம் அலமாரியின்மேல் இருந்தது. முந்தைய நாள் வீட்டு உரிமையாளர் கொடுத்துவிட்டுப் போன மின்கட்டணக் கணக்குச் சீட்டு அது. அப்பா அதைப் படித்திருக்கிறார். அன்று முதல் நாள்தோறும் சில மணி நேரம் ஆக்சிஜன் செறிவூட்டியை நிறுத்திவைக்க முடிவு செய்திருக்கிறார்.

என் தந்தைக்கு நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய். நாளொன்றுக்குக் குறைந்தது 15 மணி நேரம் ஆக்சிஜன் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று மருத்துவர் எழுதிக்கொடுத்திருக்கிறார். அந்த எண் மனம்போன போக்கில் எழுதப்பட்டதன்று. 1980களின் தொடக்கத்தில் பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் நடந்த ஆய்வுகளின் அடிப்படையில் வகுக்கப்பட்டது. இரத்தத்தில் ஆக்சிஜன் மிகவும் குறைந்துவிட்ட இத்தகைய நோயாளிகளின் ஆயுளை நீட்டிப்பது, நாளின் பெரும்பகுதி நேரம் தொடர்ந்து கொடுக்கப்படும் ஆக்சிஜனே என்பதை அவை காட்டின. நேரத்தைக் குறைப்பது மாத்திரையைப் பாதியாக உடைத்துச் சாப்பிடுவதற்கு ஒப்பாகும். மாத்திரையை உடைத்தால் வீட்டில் உள்ளவர்கள் கண்டிப்போம். பொத்தானை அணைத்தால் சிக்கனம் என்று எண்ணிப் பேசாமல் இருந்துவிடுகிறோம்.

இதன் பின்னால் உள்ள கணக்கைச் சற்றுப் பார்ப்போம். வீடுகளில் பரவலாகப் பயன்படும் 5 லிட்டர் செறிவூட்டி ஒன்று ஏறத்தாழ 350 வாட் மின்சாரம் எடுக்கிறது. 15 மணி நேரம் ஓடினால் நாளொன்றுக்கு 5.25 யூனிட்; இரண்டு மாதக் கணக்கெடுப்பில் 315 யூனிட். அதற்கு முன்பு எங்கள் வீட்டுப் பயன்பாடு 200 யூனிட் அளவில் இருந்தது. 2024 ஜூலையில் திருத்தப்பட்ட கட்டணப்படி 200 யூனிட்டுக்கு 235 ரூபாய்தான். முதல் 100 யூனிட்டை அரசு இலவசமாகத் தருகிறது. செறிவூட்டியும் சேர்ந்து 515 யூனிட் ஆகும்போது கட்டணம் 2,166 ரூபாயாகிறது. 500 யூனிட்டோடு நின்றிருந்தால் 1,805 ரூபாய். அந்த எல்லையைத் தாண்டியவுடன், 101 முதல் 200 வரையிலான யூனிட்டுகளுக்குக் கிடைத்துவந்த 2.35 ரூபாய் என்ற சலுகை விலையும் போய்விடுகிறது. ஆகவே கடைசி 15 யூனிட்டுக்கு மட்டும் 361 ரூபாய் கூடுதலாகச் செலுத்துகிறோம். இரவு பகலாக 24 மணி நேரமும் ஆக்சிஜன் தேவைப்படும் நோயாளி இதே வீட்டில் இருந்தால் பயன்பாடு 704 யூனிட். கட்டணம் ஏறத்தாழ 3,863 ரூபாய்.

இது சொந்த வீடும் சொந்த மீட்டரும் உள்ளவர்களின் கணக்கு. சேலையூரிலும் முடிச்சூரிலும் பெருங்களத்தூரிலும் குரோம்பேட்டையிலும் வாடகைக்குக் குடியிருக்கும் பலரின் கணக்கு வேறு. எங்கள் வீட்டில் மூன்று குடித்தனங்களுக்கு ஒரே மின் இணைப்பு. ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு சப் மீட்டர். யூனிட்டுக்கு 9 ரூபாய் என்று பேச்சு. அரசின் இலவச 100 யூனிட் எங்கள் கைக்கு வருவதில்லை. அந்த 515 யூனிட்டுக்கு நாங்கள் கொடுத்தது 4,635 ரூபாய். உரிமையாளரை மட்டும் குறைசொல்லிப் பயனில்லை. மூன்று வீடுகளின் பயன்பாடு ஓர் இணைப்பில் சேரும்போது அவருக்கும் உயர்ந்த படிநிலையில்தான் கட்டணம் வருகிறது. ஆனால் அந்தச் சுமை இறுதியில் இறங்கிய இடம் என் தந்தையின் மூச்சுக்குழாய்.

தமிழ்நாடு அரசு மின்கட்டணத்தில் மக்களுக்கு உதவவில்லை என்று எவரும் சொல்ல முடியாது. இரு மாதங்களுக்கு 100 யூனிட் இலவசம் என்ற திட்டம் 2016 மே மாதம் முதல் நடைமுறையில் இருக்கிறது. 2025 ஜூலையில் கட்டணம் திருத்தப்பட்டபோதும் வீட்டு இணைப்புகளுக்கான உயர்வை அரசே ஏற்றுக்கொண்டது. விண்ணப்பமோ வருமானச் சான்றிதழோ இல்லாமல் எல்லார்க்கும் கிடைப்பது இச்சலுகையின் பெருமை. அதுவே இதன் குறையும்கூட. திடமான உடலோடு இருப்பவர்க்கும் 100 யூனிட். இயந்திரம் நின்றால் மூச்சுத் திணறுபவர்க்கும் 100 யூனிட். 24 மணி நேரமும் ஓடும் செறிவூட்டிக்கு அந்த 100 யூனிட் பன்னிரண்டு நாள்கூட முழுதாக வராது. ஆகவே என் கருத்து இதுதான்: உயிர்காக்கும் கருவிகளை வீட்டில் இயக்கும் நோயாளிகளுக்கு, அந்தக் கருவிகள் பயன்படுத்தும் அளவு மின்சாரத்தை அரசு தனியாக இலவசமாகவோ மிகக் குறைந்த விலையிலோ வழங்க வேண்டும்.

இது எங்கும் இல்லாத புதுமையன்று. அண்டை மாநிலமான கேரளத்தில், வீட்டில் உயிர்காக்கும் கருவிகளைப் பயன்படுத்தும் நோயாளிகளுக்கு அக்கருவிகளுக்கான மின்சாரத்தை மின்வாரியம் இலவசமாக வழங்குகிறது. அரசு மருத்துவரின் சான்றிதழோடு விண்ணப்பிக்க வேண்டும்; முதலில் ஆறு மாதத்துக்குச் சலுகை கிடைக்கும்; தேவை தொடர்ந்தால் புதுப்பித்துக்கொள்ளலாம். இங்கிலாந்தில் ஆக்சிஜன் செறிவூட்டிக்கு ஆகும் மின்செலவு நோயாளியின் குடும்பத்துக்குத் திருப்பித் தரப்படுகிறது. அமெரிக்காவின் கலிபோர்னியாவில் மருத்துவத் தேவையுள்ள வீடுகளுக்குக் குறைந்த விலையில் கூடுதல் யூனிட் ஒதுக்கப்படுகிறது. ஆஸ்திரேலியாவிலும் இத்தகைய கருவிகளுக்கு உதவித்தொகை உண்டு.

நம் நாட்டுச் சட்டமும் இதற்குத் தடையாக இல்லை. 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 62ஆம் பிரிவு, மின்சாரம் எந்த நோக்கத்துக்காகத் தேவைப்படுகிறது என்பதைக் கொண்டு கட்டணத்தை வேறுபடுத்த ஒழுங்குமுறை ஆணையத்துக்கு இடமளிக்கிறது. 65ஆம் பிரிவு, எந்த வகை நுகர்வோருக்கும் மானியம் வழங்க மாநில அரசுக்கு வழிவிடுகிறது. அந்தத் தொகையை மின் நிறுவனத்துக்கு அரசு முன்கூட்டியே செலுத்த வேண்டும் என்பதே நிபந்தனை. 100 யூனிட் திட்டம் அரசு மானியத்தில்தான் நடக்கிறது. அதே கணக்கில் இன்னொரு வரி சேர்ந்தால் போதும்.

தவறாகப் பயன்படுத்துவார்களே என்று சிலர் கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். ஆனால் பெரும்பாலான செறிவூட்டிகளில் அது இதுவரை எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது என்று காட்டும் எண்ணி இருக்கிறது. மருத்துவரின் சான்றிதழ் ஒன்றும், ஆறு மாதத்துக்கு ஒரு முறை அந்த எண்ணியின் அளவும் இருந்தால் ஏமாற்றுவது எளிதன்று. சரிபார்க்க ஆளில்லை என்றும் சொல்வதற்கில்லை. 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தின் பணியாளர்கள் ஏற்கெனவே வீடு தேடிச் சென்று வலிதணிப்புச் சிகிச்சையும் இயன்முறை மருத்துவமும் அளிக்கிறார்கள். வீட்டிலேயே டயாலிசிஸ் செய்துகொள்வோருக்கு அதற்கான பைகளையும் இத்திட்டம் வழங்குகிறது. டயாலிசிஸ் பையை மருந்து என்று ஏற்றுக்கொண்ட அரசு, செறிவூட்டிக்கான மின்சாரத்தையும் மருந்தாக ஏற்பதில் தவறென்ன?

தாம்பரத்தில் இருந்துகொண்டு இதைக் கேட்பதற்குத் தனிப் பொருத்தம் உண்டு. 1928இல் டாக்டர் சௌரிமுத்து இங்கே காசநோயாளிகளுக்காகச் சானடோரியம் அமைத்தபோது, தூய காற்றும் ஓய்வும் நல்லுணவுமே சிகிச்சையின் அடிப்படையாக இருந்தன. ரயில் நிலையத்தின் பெயரில் அது இன்றும் நிலைத்திருக்கிறது. அன்று நோயாளிக்கு வேண்டிய காற்று மரங்களிடமிருந்து விலையின்றி வந்தது. இன்று அது மின்கம்பி வழியாக, யூனிட் கணக்கில் வருகிறது.

மருத்துவமனைகளுக்கும் ஒரு வேண்டுகோள். ஆக்சிஜன் செறிவூட்டியோ வென்டிலேட்டரோ சளி உறிஞ்சும் கருவியோ எழுதிக்கொடுத்து நோயாளியை வீட்டுக்கு அனுப்பும்போது, அக்கருவி நாளொன்றுக்கு எத்தனை மணி நேரம் ஓட வேண்டும், எத்தனை யூனிட் ஆகும் என்பதையும் டிஸ்சார்ஜ் சீட்டில் எழுதித் தர வேண்டும். இரண்டே வரிதான். குடும்பம் முன்கூட்டியே திட்டமிட அது உதவும். நாளை சலுகை கோரி விண்ணப்பிக்கும்போது சான்றாகவும் பயன்படும்.

சலுகை வரும்வரை நாம் செய்யக்கூடியவையும் சில உண்டு. முதலாவது, நமக்கு ஏற்கெனவே உரிய 100 யூனிட்டை இழக்காமல் இருப்பது. மின்சாரச் சட்டத்தின் 43ஆம் பிரிவின்படி, வீட்டு உரிமையாளர் மட்டுமன்றிக் குடியிருப்பவரும் மின் இணைப்புக் கேட்டு விண்ணப்பிக்கலாம். நடைமுறையில் உரிமையாளரின் ஒத்துழைப்பு இல்லாமல் இது கடினம். ஆகவே வாடகை ஒப்பந்தம் எழுதும்போதே தனி மீட்டரைப் பற்றிப் பேசிவிடுவது நல்லது. நான் உரிமையாளரிடம் மருத்துவரின் சீட்டைக் காட்டிப் பேசினேன். தனி இணைப்புக்கு அவர் மறுக்கவில்லை. செலவை நான் ஏற்பது என்று முடிவாயிற்று. எங்கள் பகுதிக்கு இப்போது தனி இணைப்பு இருக்கிறது.

இரண்டாவது, கணக்கெடுத்த யூனிட் ஐயத்துக்கு இடமாக இருந்தால் வாய்மொழியாகச் சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்ளாமல், உங்கள் பிரிவு அலுவலக உதவிப் பொறியாளரிடம் எழுத்துமூலம் முறையிட்டு ஒப்புகை பெறுங்கள். ‘மின்னகம்’ சேவை மையத்தை 94987 94987 என்ற எண்ணில் எந்நேரமும் அழைக்கலாம். அங்கும் தீராவிட்டால் மின் நுகர்வோர் குறைதீர்க்கும் மன்றமும், அதற்குமேல் மின்குறை தீர்ப்பாளரும் இருக்கிறார்கள்.

மூன்றாவது, கேட்பது. செங்கல்பட்டு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமைதோறும் மக்கள் குறைதீர்க்கும் நாள் நடக்கிறது. மருத்துவச் சான்று, கருவியின் மின்அளவு, கடைசி மூன்று மின்கட்டணச் சீட்டுகள் ஆகியவற்றின் நகலோடு ஒரு பக்க மனு போதும். ஒழுங்குமுறை ஆணையம் கட்டணத் திருத்தத்துக்காகக் கருத்துக்கேட்புக் கூட்டம் நடத்தும்போது எந்த நுகர்வோரும் பேசலாம். தொழிற்சாலைகளின் சார்பில் பேச அங்கே ஆளுண்டு. நோயாளிகளின் சார்பில் நாம்தான் பேச வேண்டும். தனித்தனியாகப் போவதைவிட, இந்த மருத்துவமனையில் சிகிச்சை பெறும் குடும்பங்கள் சேர்ந்து ஒரு மனு அளித்தால் அதற்கு வலு கூடும். நான் ஒன்று எழுதிவைத்திருக்கிறேன்.

அதுவரை இதைப் படிக்கும் நோயாளிகளிடம் ஒரு மகனாகக் கேட்டுக்கொள்வது ஒன்றுதான். மின்கட்டணத்தை எண்ணி இயந்திரத்தை நிறுத்தாதீர்கள். கட்டுப்படியாகவில்லை என்றால் மருத்துவரிடம் வெட்கப்படாமல் சொல்லுங்கள்; வீட்டில் பிள்ளைகளிடமும் சொல்லுங்கள். பராமரிப்பவர்கள், மாலையில் வீடு திரும்பியதும் இயந்திரத்தின் மணி எண்ணியை ஒருமுறை பாருங்கள். நான் இப்போது நாள்தோறும் பார்க்கிறேன். அப்பா அதைக் கண்டு, “கணக்கெடுக்க வந்துட்டியா?” என்று சிரிக்கிறார். 15 மணி நேரத்துக்குக் குறைந்தால்தான் அபராதம் என்று நானும் சொல்லிவைத்திருக்கிறேன்.