பற்றையைப் பாழென்று சொல்லாதீர்

கண்டியிலிருந்து யாழ்ப்பாணம் செல்லும் பெருவீதியில், மாத்தளையைக் கடந்து, நாலந்தாவின் புராதனக் கற்கோயிலையும் பின்னே விட்டு, நாவுல நகரை நெருங்கும் பிரயாணி, மலைநாட்டின் ஈரப் பசுமை மெல்ல மெல்லக் குன்றி உலர்வலயத்தின் காடு தொடங்குவதைக் காண்பான். பாலையும் வீரையும் முதிரையும் ஓங்கி நிற்க, அவற்றின் அடியில் முட்செடியும் கொடியும் பின்னிக் கிடக்கும் பற்றைகளைப் பிரயோஜனமற்ற பாழ்நிலம் என்றே நம்மிற் பலர் எண்ணுகிறோம். அவ்வெண்ணம் பிழையென்று சொல்ல அப்பற்றைக்குள்ளேயே ஒரு சாட்சி வாழ்கிறது.

சோலைபாடி என்பது அதன் பெயர். வீட்டு முற்றத்தில் பாடும் குண்டுக்கரிச்சானுக்கு நெருங்கிய உறவு. நீலம் மின்னும் கரிய தலையும் முதுகும், செம்பழுப்பு வயிறும், வாலடியில் வெண்மையும், நீண்டு குறுகும் வாலும் கொண்ட இந்த ஜீவன், ஏறக்குறைய 30 கிராம் எடையே உடையது. இலங்கைக்கே உரிய அதன் உபஇனம், இந்நாட்டுப் பறவைகளைப் பற்றிப் பெருநூல் எழுதிய வின்சென்ட் லெக்கின் பெயரைத் தாங்கி நிற்கிறது. கூச்சம் மிகுந்த பறவையாதலால் அதைக் காண்பது அரிது. ஆயினும் வைகறையிலும் அந்தியிலும், வேறு பறவைகளின் குரல்களையும் தன் கீதத்திலே இழைத்துப் பாடும் அதன் நாதத்தை ஒருமுறை கேட்டவர் மறப்பதில்லை. 1889ஆம் ஆண்டில் ஜெர்மனியில் லுட்விக் கோச் என்னும் சிறுவன், கூண்டிற் கிடந்த ஒரு சோலைபாடியின் குரலை எடிசனின் மெழுகு உருளையிற் பதிவு செய்தான். உலகில் அறியப்பட்ட பறவைக்குரற் பதிவுகளுள் அதுவே மிகப் பழையது என்பர்.

கூண்டில் அடைத்தும் கேட்க விரும்பிய அக்குரல் சுதந்திரமாக ஒலிப்பதற்கு வேண்டுவன மிகச் சில: பூச்சிகள் ஊரும் சருகு, கூடு கட்ட மரப்பொந்து, மறைந்திருக்க அடர்ந்த பற்றை. நிலத்தைச் "சுத்தம்" செய்கிறோம் என்று நாம் முதலில் அழிப்பவையும் இவையே. 1937ஆம் ஆண்டின் விலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் காட்டுப் பறவையைக் கொல்லாதே என்கிறது. ஆனால் தனியார் காணியிலுள்ள பற்றைக்குத் தீ மூட்டும் கையைத் தடுக்க வேண்டியது மனச்சாட்சியேயாகும்.

நாவுலவுக்கு வடக்கே, தம்புள்ளையில், தேயிலைத் தோட்டத் துரையாயிருந்த சாம் பொப்ஹம், சேனைப் பயிர்ச்செய்கையாற் சீரழிந்த ஒரு நிலத்தை 1963இல் ஏற்றுக்கொண்டு, பற்றைக்குள்ளே தாமாக முளைத்த மரக்கன்றுகளை இனங்கண்டு, அவற்றை நெருக்கிய முட்செடிகளை மட்டும் அளவறிந்து விலக்கி, காட்டையே மீட்டெடுத்தார். பற்றை என்பது காட்டின் பிணமன்று, கருவே என்பதை அவ்விடம் இன்றும் நிரூபித்துக்கொண்டிருக்கிறது.

ஆகவே காணியுடையோரிடம் நான் வேண்டுவது பெரிய தியாகமன்று. ஓடைக்கரையில் ஒரு பற்றை வரிசையை விட்டுவையுங்கள், பட்டுப்போன பொந்து மரத்தை விறகாக்காதீர்கள், சருகை எரிக்காதீர்கள். கத்தியோடு இறங்குமுன் ஓர் அந்திவேளை பற்றையின் ஓரத்தில் நின்று கேளுங்கள். கேட்டவர் கை வெட்டத் தயங்கும் என்பது என் நம்பிக்கை.