கைத்தொலைபேசிக்குள் பல்கலைக்கழகம்

கிருலப்பனையில் ஹைலெவல் வீதியின் இரு மருங்கிலும் உள்ள ஒழுங்கைகளில் அறை வாடகைக்கு எடுத்துத் தங்கிப் படிக்கும் பிள்ளைகளை நம் வாசகர்கள் நன்கு அறிவர். நாளைய விரிவுரை எத்தனை மணிக்கு என்று அவர்களைக் கேட்டால், முன்னாளில் சட்டைப் பையிலிருந்து நேரசூசியை எடுத்துக் காட்டியிருப்பார்கள். இன்றோ கைத்தொலைபேசியை எடுத்துப் பார்க்கிறார்கள். பரீட்சைத் திகதியும், பெறுபேறும், விடுதி அறிவித்தலும் அந்தச் சிறு கண்ணாடித் திரையிலேயே வந்து சேருகின்றன.

இந்நிலையில், பல்கலைக்கழகங்கள் தமக்கெனச் செயலிகளை ஆக்கி மாணவர் கையில் கொடுக்க விரும்புவது இயல்பே. அதனை நாமும் வரவேற்கிறோம். ஆயினும் ஒன்றைச் சொல்லாதிருக்க முடியவில்லை. செயலியை ஆக்கி வெளியிடும் நாளில் விழா எடுக்கலாம். பொறுப்போ அன்றுதான் தொடங்குகிறது. இதனை மறந்து தொடங்கும் முயற்சியால் இடர்ப்படுபவர் ஏழை மாணவரேயாவர்.

முதற்கண் எழுப்ப வேண்டிய வினா, புதியதொரு செயலி தேவைதானா என்பதாகும். நம் நாட்டுப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் ‘மூடில்’ என்னும் கற்றல் தளம் ஏற்கெனவே இயங்குகிறது. அதற்கு இலவசச் செயலி ஒன்றும் உண்டு. தளத்தைப் பராமரிப்பவர் கைத்தொலைபேசிச் சேவையைத் திறந்து வைத்தால், மாணவர் பாடக் குறிப்புகளை ஒருமுறை இறக்கி வைத்து, இணைப்பு இல்லாத வேளையிலும் படிக்கலாம். ஓர் இணையப் பக்கமே போதுமான இடத்தில் செயலியை ஆக்குவது, அடுத்த வீட்டுக்குச் செல்ல மோட்டார் வண்டி வாங்குவது போன்றதன்றோ?

தேவை உண்டென்று கண்டால், அடுத்த வினா அதனைப் பேணுபவர் யார் என்பது. அமெரிக்காவின் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்துக்காக, அங்கு பயின்ற மாணவர்கள் நிறுவிய சிறு நிறுவனமொன்று 2008 ஆம் ஆண்டில் ‘ஐஸ்டான்போர்ட்’ என்னும் செயலியை ஆக்கியது. மறு ஆண்டிலேயே அந்நிறுவனத்தைப் ‘பிளாக்போர்ட்’ என்னும் பெருநிறுவனம் விலைக்கு வாங்கிக்கொண்டது. மாணவர் திறமைக்கு அது பெருமையே. ஆயினும், ஆக்கியவர் கைமாறிப் போனால் செயலியின் கதி என்ன என்பதை ஒவ்வொரு பல்கலைக்கழகமும் முன்கூட்டியே எண்ணிப் பார்க்க வேண்டும். இறுதியாண்டு மாணவர் ஒருவர் தம் சொந்தப் பெயரில் கணக்குத் திறந்து வெளியிட்ட செயலி, அவர் பட்டம் பெற்று வேலைக்காகக் கடல் கடந்த பின் அநாதையாகிவிடும். ஆகவே கணக்கு, கடவுச்சொல், மூலநிரல் ஆகிய மூன்றும் தொடக்கம் முதலே பல்கலைக்கழகத்தின் பெயரில் இருத்தல் வேண்டும்.

செலவையும் மறத்தலாகாது. கூகிள் நிறுவனத்தின் பிளே கடையில் பதிவு செய்ய ஒருமுறை 25 டொலர். ஆப்பிள் கடைக்கோ ஆண்டுதோறும் 99 டொலர். 2022 மார்ச் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த டொலர், மே மாதத்தில் 360 ரூபாவை எட்டியதை நாம் கண்டோம். ஏறத்தாழ 20,000 ரூபாவாக இருந்த ஆண்டுக் கட்டணம் மூன்று மாதத்துக்குள் 35,000 ரூபாவைத் தாண்டியது. ஆப்பிளுக்குரிய கட்டணம் தவறினால் செயலி கடையிலிருந்து மறைந்துவிடும். கூகிளிலும், காலத்துக்கு ஏற்பப் புதுப்பிக்காத செயலியைப் புதிய தொலைபேசி வாங்கியவர் தேடிப் பெற இயலாது. எனவே பேணுதற்செலவு ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் இடம்பெற வேண்டும்.

மூன்றாவதாக, மாணவரின் பணப்பையை நோக்குவோம். 2020 மார்ச்சில் கொரோனாத் தொற்றினால் பல்கலைக்கழகங்கள் மூடப்பட்டபோது, ‘லேர்ன்’ என்னும் கல்வி ஆய்வு வலையமைப்பின் ஏற்பாட்டுடன், மாணவர் தத்தம் பல்கலைக்கழகத் தளங்களைக் கட்டணமின்றிப் பயன்படுத்தத் தொலைத்தொடர்பு நிறுவனங்கள் இடமளித்தன. போற்றத்தக்க செயல் அது. ஆனால் அச்சலுகை பல்கலைக்கழகத் தளங்களுக்கே உரியது. வேறிடத்தில் ஏற்றிவைத்த காணொளியைப் பார்த்த மாணவர் தம் காசிலேயே டேட்டா வாங்க வேண்டியிருந்தது. பாடம் எங்கே வைக்கப்படுகிறது என்பது கணினி வல்லுநருக்குச் சிறு விடயமாகத் தோன்றலாம். தோட்டத்து லயனில் ஒரே தொலைபேசியைப் பகிர்ந்துகொள்ளும் குடும்பத்துக்கு அதுவே பெருஞ்சுமை. செயலியைச் சோதிப்போர் விலை குறைந்த பழைய தொலைபேசியில், வலுக் குறைந்த இணைப்பில் சோதிப்பாராக.

கிருலப்பனைக்கு அண்மையில் நாவலையில் தலைமையகம் கொண்ட இலங்கைத் திறந்த பல்கலைக்கழகம், 1980 ஆம் ஆண்டு முதல் தொலைக்கல்வியையே தன் பணியாகக் கொண்டது. யாழ்ப்பாணம், மட்டக்களப்பு, கண்டி, மாத்தறை முதலிய இடங்களில் அதற்கு நிலையங்கள் உண்டு. இத்தகைய நிறுவனத்தின் மாணவருக்கு அறிவித்தல் பலகை அருகில் இல்லை, தொலைபேசியே பலகை. அதில் வரும் அறிவித்தல் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் மட்டும் அமையுமாயின், தமிழ் மாணவர் பிறரைக் கேட்டுத் திகதி அறியும் நிலை ஏற்படும். மூன்று மொழிகளும் தொடக்கத்திலேயே திட்டத்தில் இருந்தால் செலவு சிறிது. பின்னர் ஒட்டுப்போட்டால் செலவும் பெரிது, பிழையும் பெரிது.

பெற்றோருக்கும் ஒரு சொல். நேரசூசி காட்டும் செயலி ஒன்று உங்கள் பிள்ளையின் தொலைபேசியிலுள்ள பெயர்ப் பட்டியலையும் அவர் இருக்கும் இடத்தையும் கேட்குமாயின், ஏன் என்று வினவுங்கள். தனிப்பட்ட தரவுகளைப் பாதுகாக்கும் 9 ஆம் இலக்கச் சட்டம் நம் நாட்டில் 2022 இல் நிறைவேறியது. வேண்டிய நோக்கத்துக்கு வேண்டிய அளவே தகவல் பெறுதல் அதன் அடிப்படைகளுள் ஒன்று. அவ்வாறே, நண்பர் வாட்ஸ்அப்பில் அனுப்பும் செயலிக் கோப்பை நம்பி நிறுவுதல் ஆபத்து. இடையில் எவர் கை அதில் பட்டதென்று யாரறிவார்? பல்கலைக்கழகத்தின் சொந்தத் தளம் காட்டும் வழியாகவே செயலியைப் பெறுதல் நலம்.

இறுதியாக, செயலி எவ்வளவு சிறந்ததாயினும், பரீட்சை விண்ணப்பம் போன்ற முக்கிய அறிவித்தல்களை இணையப் பக்கத்திலும் குறுஞ்செய்தியிலும் சேர்த்தே வெளியிடுமாறு பல்கலைக்கழகங்களைக் கேட்டுக்கொள்கிறோம். தொலைபேசி பழுதானது என்ற ஒரே காரணத்தால் ஒரு பிள்ளை விண்ணப்ப முடிவுத் திகதியைத் தவறவிட்டு ஓராண்டை இழக்கலாகாது. கொழும்பில் இருப்பவருக்குக் கிடைக்கும் செய்தி, அதே வேளையில் ஹட்டனிலும் கிளிநொச்சியிலும் இருப்பவருக்குக் கிடைக்குமாயின், செயலிக்காகச் செலவிட்ட ஒவ்வொரு ரூபாவும் பயன்பட்டதென்று நாம் மகிழ்வோம்.