இடிபாடு யாருடைய சொத்து?

பேரழிவுக்குப் பிந்தைய நகர மறுகட்டமைப்பைப் பற்றிப் பேசும்போது பெய்ரூத் நகர மையத்தை ஒரு சாதனையாக எடுத்துக்காட்டும் வழக்கம் இன்றும் மறையவில்லை. 1975 முதல் 1990 வரை நீண்ட உள்நாட்டுப் போர் சிதைத்த வணிக மையத்தை, கருவூலம் வறண்ட அரசொன்று தனியார் நிறுவனத்தின் கையால் மீட்டெடுத்தது என்பதே அக்கதையின் சாரம். புதுப்பிக்கப்பட்ட கல் முகப்புகளும் தூய்மையான நடைபாதைகளும் அதற்குச் சான்றாகக் காட்டப்படுகின்றன. அந்நடைபாதைகளின் ஓரத்தில் முன்பு கடை வைத்திருந்தவர்கள் எங்கே போனார்கள் என்ற கேள்வி மட்டும் எழுப்பப்படுவதில்லை.

அக்கேள்விக்கான விடை 1991ஆம் ஆண்டின் 117ஆம் எண் சட்டத்தில் இருக்கிறது. போரில் சேதமுற்ற பகுதிகளின் நிலம் முழுவதையும் ஒரே ரியல் எஸ்டேட் நிறுவனத்தின் உடைமையாக்க அச்சட்டம் வழிவகுத்தது. அதன்படி 1994இல் 'சொலிதேர்' நிறுவப்பட்டது. நிறுவனத்தின் மூலதனம் 182 கோடி டாலர். அதில் 117 கோடி, நில உரிமையாளர்களும் வாடகை உரிமை கொண்டிருந்தோரும் தம் உரிமையை ஒப்படைத்ததற்கு ஈடாகப் பெற்ற 'ஏ' வகைப் பங்குகள். எஞ்சிய 65 கோடி, பணம் செலுத்திய முதலீட்டாளர்களின் 'பி' வகைப் பங்குகள். பாதுகாக்கப்பட வேண்டியவை எனப் பட்டியலிடப்பட்ட கட்டடங்களின் உரிமையாளர்கள் மட்டும், நிபந்தனைகளுக்கு உட்பட்டு அவற்றைத் திரும்பப் பெற முடிந்தது. ஏனையோர் தலைமுறை தலைமுறையாகக் கடை நடத்திய இடத்திற்குப் பதிலாகக் கையில் ஏந்தியது ஒரு தாளை. நூறு டாலர் மதிப்பில் வழங்கப்பட்ட அப்பங்கு, 2000களின் தொடக்க ஆண்டுகளில் பத்து டாலருக்கும் கீழே விழுந்தது.

இதனைப் பொதுநலனுக்கான நில எடுப்பு என்று கூற இயலாது. அரசு நிலம் எடுத்தால், அதன் பயன் குறைந்தபட்சம் கோட்பாட்டளவிலேனும் பொதுமக்களைச் சேர வேண்டும். இங்கே ஒரு தனியாரின் உடைமை சட்டத்தின் வலிமையால் மற்றொரு தனியாருக்குக் கைமாறியது. திட்டத்தின் முதன்மை ஆதரவாளரான தொழிலதிபர் ரஃபீக் ஹரீரி 1992இல் பிரதமரானார். நிறுவனம் உருவானபோது அதன் பெரும் பங்குதாரர்களுள் ஒருவராகவும் இருந்தார். மறுகட்டமைப்பை வழிநடத்த வேண்டிய அரசு மன்றத்தின் தலைமைக்கு வந்தவர், அதற்கு முன் ஹரீரியின் கட்டுமான நிறுவனத்தில் உயர் பொறுப்பு வகித்தவர். வாங்குபவரும் மதிப்பிடுபவரும் அனுமதி வழங்குபவரும் ஒரே வட்டத்துக்குள் இருக்கும்போது, அதனைச் சந்தை என்று அழைப்பது சந்தைக்கே இழுக்கு.

'போர் அழித்தது, நிறுவனம் கட்டியது' என்ற வாய்பாடும் உண்மைக்குப் பொருந்தவில்லை. 1993இல் திட்டம் முறையாக வெளியானபோது மையப்பகுதிக் கட்டடங்களில் ஏறத்தாழ 80 விழுக்காடு மீட்க முடியாத நிலையில் இருந்தன என்றும், போரின் சேதத்தால் மட்டும் அந்நிலையை அடைந்தவை மூன்றில் ஒரு பங்கு அளவே என்றும் சாரி மக்திஸி 1997இல் வெளியான தம் கட்டுரையில் எடுத்துக்காட்டினார். துப்பாக்கிகள் ஓய்ந்த பின்னரே புல்டோசர்களும் வெடிமருந்தும் பெரும்பகுதியை வீழ்த்தின. இடிபாடு ஓரளவுக்குத் திட்டத்தின் காரணம் என்றால், பேரளவுக்கு அதன் விளைவு.

நிறுவனத்தின் ஆதரவாளர்கள் முன்வைக்கும் வலுவான வாதம் ஒன்று உண்டு; அதனை எள்ளி ஒதுக்குவது நேர்மையாகாது. உரிமை எண்ணற்ற வாரிசுகளிடமும் வாடகைக்காரர்களிடமும் சிதறிக் கிடந்தது, பலர் புலம்பெயர்ந்துவிட்டனர், ஒவ்வொருவரையும் இணங்கவைத்துக் கட்டுவதாயின் நூற்றாண்டு ஆகும் என்பர். சிக்கல் மெய்யானது. ஆனால் அதற்கு ஒரே தீர்வுதான் இருந்தது என்பது மெய்யன்று. 2001 ஜனவரி 26 நிலநடுக்கத்தில் நொறுங்கிய குஜராத்தின் பூஜ் நகரமும் குறுகிய சந்துகளும் துண்டுபட்ட உரிமைகளும் நிறைந்த பழைய நகரமே. அங்கே நகரமைப்புத் திட்டங்களின் வழியே மனைகள் மறுசீரமைக்கப்பட்டன. சாலைக்கும் பொது இடத்துக்குமாகச் சிறு மனைகளிலிருந்து குறைவாகவும் பெரிய மனைகளிலிருந்து கூடுதலாகவும் நிலம் கழிக்கப்பட்டது. உரிமையாளருக்குக் கிடைத்தது பங்குப் பத்திரமன்று, மனை. வாடகைக்காரர்கள் அங்கும் பின்தள்ளப்பட்டனர் என்பதை மறைக்க வேண்டியதில்லை. எனினும் உரிமை சிதறியிருப்பதே உரிமையைப் பறிப்பதற்கு நியாயமாகாது என்பதற்குப் பூஜ் போதிய சான்று.

போருக்கு முந்தைய பெய்ரூத் மையத்தைப் பொற்காலமாகப் புனைவதும் பிழையே. ஆயினும் தியாகிகள் சதுக்கத்தில் பேருந்துக்கும் வாடகைக் காருக்கும் காத்திருந்தவர்களும் சூக் எனப்படும் கடைவீதிகளில் பேரம் பேசியவர்களும் எல்லாச் சமயத்தையும் வர்க்கத்தையும் சேர்ந்தவர்கள். அவர்களை அங்கே ஒன்றுசேர்த்தது தேவையே. 2009இல் திறக்கப்பட்ட புதிய 'பெய்ரூத் சூக்' பழைய பெயரையும் தெருக்களின் போக்கையும் தக்கவைத்துக்கொண்டது. ஆனால் அதன் வாடிக்கையாளர் வேறு. எளியோருக்கு அங்கே வருவதற்கான காரணம் இல்லாமற்போயிற்று. 2019 அக்டோபர் எழுச்சியின்போதுதான் மக்கள் அம்மையத்தை மீண்டும் நிறைத்தனர். 'முட்டை' என்று அழைக்கப்படும், பாதி சிதைந்து கிடக்கும் பழைய திரையரங்கில் ஆசிரியர்கள் திறந்த விரிவுரைகளை நிகழ்த்தினர். புதுப்பிக்கப்பட்ட மாளிகைகள் தராத பொதுவெளியைப் புதுப்பிக்கப்படாத ஓர் இடிபாடு தந்தது.

அதே ஆண்டு தொடங்கிய வங்கி நெருக்கடியில் சொலிதேர் பங்கின் விலை ஏறியது. நகரம் செழித்ததனால் அன்று. முடக்கப்பட்ட வைப்புத்தொகையை வேறொன்றாக மாற்றத் துடித்தவர்கள் பங்கை வாங்கியதனால். நகரத்தின் நலனும் நிறுவனத்தின் விலையும் ஒன்றென்ற கூற்று அங்கேயே பொய்த்துப்போயிற்று.

2020 ஆகஸ்ட் 4 அன்று துறைமுகக் கிடங்கிலிருந்த 2,750 டன் அம்மோனியம் நைட்ரேட்டால் நேர்ந்த வெடிப்பில் இருநூறுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். கரன்தீனா, மார் மிகாயேல், ஜெம்மாய்ஸே குடியிருப்புகள் சிதைந்தன. தரகர்கள் மலிவு விலைக்கு வீடு கேட்டு வருவார்கள் என்ற அச்சம் உடனே எழுந்தது. அதே ஆண்டில், பாதிக்கப்பட்ட பகுதிகளில் சொத்து விற்பனையை இரண்டாண்டுகளுக்கு முடக்கும் சட்டம் இயற்றப்பட்டது. அது முழுமையான பாதுகாப்பன்று. ஆனால் 1991இல் உரிமையைக் கைமாற்றச் சட்டம் இயற்றிய அதே நாடாளுமன்றம், முப்பதாண்டுக்குள் அக்கைமாற்றத்தைத் தடுக்கச் சட்டம் இயற்ற நேர்ந்தது. சொலிதேர் மீதான கடுமையான விமர்சனத்தை எழுதியவர் எந்த ஆய்வாளரும் அல்லர். லெபனான் அரசே அதனை எழுதியது.

மறுகட்டமைப்பைப் பயிலும் மாணவர்கள் வரைபடத்தின் அழகில் தொடங்க வேண்டியதில்லை. பத்திரத்திலிருந்து தொடங்கலாம்: பேரழிவுக்கு முந்தைய நாள் அந்த மனை யார் பெயரில் இருந்தது, அங்கே யார் வாடகைக்கு இருந்தார், பத்தாண்டு கழித்து அவர்கள் எங்கே இருக்கிறார்கள்? இவற்றுக்கு விடை கூறாத எந்த ஆய்வும் கட்டடங்களின் வரலாறாக இருக்கலாம், நகரத்தின் வரலாறாகாது.